இருநூறு மணித்தியாலங்களுக்குள் இருப்பது என்ன?

கண்டிக்கு விமான நிலையம் கிடையாது. பொல்கொல்லவிலும் விக்டோரியா நீர்த்தேக்கத்திலும் நீர் விமானங்கள் இறங்கி ஏறியதுண்டு. மற்றபடி வானூர்தி என்றால் ஹந்தானை மலைக்கு மேலே எங்கோ உயரத்தில் போகும் வெள்ளைக் கோடுதான். ஆனாலும் விமானியாகும் ஆசை இந்த மலைகளுக்குள்ளும் வளர்கிறது. உயர்தரப் பெறுபேறு வந்ததும் அந்த ஆசை ஒரு கேள்வியாகி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது: வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் பட்டத்தோடு சேர்த்துப் பறக்கப் படிப்பதா, அல்லது இரத்மலானைக்குப் போய் உள்ளூர்ப் பயிற்சிப் பாடசாலையில் சேருவதா? அப்பா காணி உறுதியைக் கையில் எடுக்கிறார். கனடாவிலிருக்கும் மாமா பல்கலைக்கழகம்தான் மரியாதை என்கிறார். இந்தக் கேள்விக்குப் பணக் கணக்கை மட்டும் வைத்துப் பதில் சொல்ல முடியாது. மனித மூளை பறப்பதை எப்படிக் கற்றுக்கொள்கிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் பதில் தானாகத் தெளியும்.

முதலில் சட்டம் கேட்பது என்ன என்று பார்ப்போம். விமானி அனுமதிப்பத்திரங்களுக்கான குறைந்தபட்சத் தகுதிகளைச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, சிக்காகோ உடன்படிக்கையின் முதலாம் இணைப்பில் வகுத்திருக்கிறது. உலக நாடுகள் தத்தம் விதிகளை அதன்மீதே கட்டுகின்றன. இலங்கையில் அந்தப் பொறுப்பு சிவில் விமானச் சேவைகள் அதிகார சபையினுடையது. அந்த இணைப்பின்படி தனியார் விமானி அனுமதிப்பத்திரத்துக்கு 17 வயதும் 40 மணித்தியாலப் பறப்பும் வேண்டும். வர்த்தக விமானிக்கு 18 வயது, 200 மணித்தியாலம். அங்கீகரிக்கப்பட்ட தொடர் பயிற்சியாக இருந்தால் 150 போதும். பெரிய பயணிகள் விமானத்தில் தலைமை விமானியாக அமர 21 வயது, 1,500 மணித்தியாலம். இதில் எந்த இடத்திலும் பட்டம் என்ற சொல் வராது. விமான நிறுவனங்கள் தம் விருப்பப்படி பட்டம் கேட்கலாம். அனுமதிப்பத்திரம் கேட்பதில்லை.

ஆகவே பல்கலைக்கழகமும் உள்ளூர்ப் பாடசாலையும் கடைசியில் கையில் தருவது ஒரே வகைத் தாளைத்தான். அந்த இருநூறு மணித்தியாலங்களுக்குள் என்ன நிரம்பியிருக்கிறது என்பதில்தான் வேறுபாடு.

1954இல் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் செய்யப்பட்ட சோதனை ஒன்றை விமானம் ஓட்ட நினைக்கும் ஒவ்வொரு பிள்ளையும், பிள்ளையின் பெற்றோரும் அறிந்திருக்க வேண்டும். கருவிகளை மட்டும் பார்த்துப் பறந்து பழகாத 20 பேரைத் தெரிந்தெடுத்தார்கள். ஒவ்வொருவரையும் விமானத்தில் ஏற்றி, வெளிக்காட்சியை மறைத்து, மேகத்துக்குள் புகுந்துவிட்டது போன்ற நிலையை உண்டாக்கினார்கள். பாதுகாப்புக்குப் பயிற்றுநர் பக்கத்தில் இருந்தார். இருபது பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக அதற்கு எடுத்த நேரம் 178 வினாடிகள். மூன்று நிமிடம்கூட இல்லை.

இவர்கள் கவனக்குறைவானவர்கள் அல்லர். நம் எல்லோருக்கும் காதுக்குள் இருக்கும் ஓர் அற்புதமான உறுப்புதான் இவர்களையும் ஏமாற்றியது. உட்காதில், ஒன்றுக்கொன்று ஏறத்தாழச் செங்குத்தாக மூன்று அரைவட்டக் கால்வாய்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் திரவம். தலை திரும்பும்போது கால்வாய் உடனே திரும்புகிறது. திரவம் சற்றுப் பின்தங்குகிறது. அந்தப் பின்தங்கல் மெல்லிய உணர்மயிர்களை வளைக்க, திரும்புகிறேன் என்று மூளைக்குத் தெரிகிறது. நடப்பதற்கும் ஓடுவதற்கும் மரம் ஏறுவதற்கும் இது போதும், ஏனென்றால் தரையில் நாம் ஒரே பக்கமாக நீண்ட நேரம் திரும்பிக்கொண்டே இருப்பதில்லை. விமானம் அப்படித் திரும்பும். சுமார் இருபது வினாடி ஒரே கதியில் திரும்பினால் திரவம் கால்வாயின் கதியை எட்டிப் பிடித்துவிடும்; உணர்மயிர்கள் நிமிர்ந்துவிடும். விமானம் இன்னும் சரிந்து திரும்பிக்கொண்டிருக்க, விமானியின் உடல் நேராகப் போகிறோம் என்று சொல்லும். திரும்பல் மிக மெதுவாகத் தொடங்கியிருந்தால் அதன் தொடக்கமே உடலுக்குத் தெரியாது. சரியாகச் செய்யப்படும் திருப்பத்தில் புவியீர்ப்பும் திருப்பத்தின் விசையும் சேர்ந்து உடலை இருக்கைக்குள் நேராக அழுத்துவதால், கோப்பையிலுள்ள தேநீர்கூடச் சாயாது.

அடுத்து நடப்பதுதான் ஆபத்து. சரிந்த விமானம் உயரத்தை இழக்கிறது. உயரமானி இறங்குவதைக் கண்ட விமானி கட்டுப்பாட்டுத் தடியைத் தன் பக்கம் இழுக்கிறார். சரிந்த நிலையில் இழுத்தால் விமானம் உயராது. திருப்பம் இறுகிச் சுழல் ஆகும். இழுக்க இழுக்க வட்டம் சிறுக்கும், வேகம் கூடும். இலினோயில் இருபது பேரில் பத்தொன்பது பேர் இந்தச் சுழலுக்குள்தான் விழுந்தார்கள். அதே ஆட்களுக்குச் சில மணித்தியாலங்கள் முறையாகப் பயிற்சி கொடுத்த பிறகு, மேகத்துக்குள் புகுந்தால் கருவிகளை நம்பி 180 பாகை திரும்பி வந்த வழியே வெளியேற, ஏறத்தாழ எல்லோராலும் முடிந்தது.

காதின் அமைப்பை எந்தப் பயிற்சியும் மாற்றாது. காது சொல்வதைக் கேட்டுக்கொண்டே அதை மறுக்கப் பழகுவதுதான் பயிற்சி. அதை விரிவுரை மண்டபத்தில் விளங்கிக்கொள்ளலாம். கைக்கு வரவைக்க முடியாது. இதனால்தான் நூற்றுக்கணக்கில் மணித்தியாலம் கேட்கிறார்கள்.

ஆனால் எல்லா மணித்தியாலமும் ஒரே எடை கொண்டதல்ல. அதே இலினோய் பல்கலைக்கழகத்தில் விமானவியல் ஆய்வுகூடத்தை வழிநடத்திய ஸ்டான்லி ரொஸ்கோ, 1971இல் வெளியிட்ட ஆய்வில் இதை அளக்கும் வழியைக் காட்டினார். தரையிலிருக்கும் சிமியூலேட்டரில் செலவிடும் முதல் மணித்தியாலம் ஆகாயத்தில் நிறைய நேரத்தை மிச்சப்படுத்துகிறது. இரண்டாவது அதைவிடக் குறைவாக. போகப் போக அந்த மிச்சம் தேய்ந்து, ஒரு கட்டத்தில் சிமியூலேட்டரில் இருப்பது வெறும் நேர விரயமாகிவிடுகிறது. ஆகாயத்துக்கும் இதே நியாயம் பொருந்தும் என்பது என் எண்ணம். தெளிந்த வானத்தில் ஒரே கடற்கரையோரம் நூறாவது முறை போய்வருவது, பறப்பு நேரத்தைப் பதியும் லொக் புத்தகத்தில் எண்ணைக் கூட்டும், விமானியிடம் அதிகம் எதையும் கூட்டாது.

இடைவெளியும் கணக்கில் சேரும். தடியையும் மிதிபலகையையும் ஆளும் கைப்பழக்கம் ஓரளவு நிலைக்கும். எந்த நிலையில் எதை முதலில் செய்வது, வானொலியில் எப்போது என்ன சொல்வது என்ற ஒழுங்குமுறைகள்தாம் வேகமாக மறக்கின்றன. வாரத்துக்கு மூன்று முறை பறக்கும் மாணவர் விட்ட இடத்திலிருந்து தொடருகிறார். மாதத்துக்கு ஒரு முறை பறப்பவர் ஒவ்வொரு தடவையும் போன பாடத்தின் பாதியை மறுபடி காசு கொடுத்து வாங்குகிறார். இலங்கையில் இது வெறும் கோட்பாட்டு விஷயமல்ல. விமான எரிபொருளும் உதிரிப்பாகமும் டொலரில் வருகின்றன. 2022இன் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 360 ஐத் தொட்டபோது, பாதியில் நின்ற பயிற்சிகள் பாதி மறந்த பயிற்சிகளும்தான். முழுப் பணமும் கையில் சேரும்வரை பொறுத்திருந்து ஒரே மூச்சில் முடிப்பது, இன்றே தொடங்கி இழுபடுவதைவிட மலிவு.

இனிக் கண்டியின் காற்றுக்கு வருவோம். கண்டி நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயர்தரப் பௌதிகவியலில் படித்த வாயுச் சமன்பாட்டை எடுத்து அந்த உயரத்தின் அமுக்கத்தையும் மதிய வெயிலின் 30 பாகை வெப்பத்தையும் இட்டுப் பாருங்கள். நியமக் கடல்மட்டக் காற்றைவிட இங்குள்ள காற்று ஏறத்தாழ பத்து வீதம் அடர்த்தி குறைந்திருக்கும். சுமார் 1,150 மீட்டர் உயரத்தில் பறப்பதைப் போல விமானம் நடந்துகொள்ளும். நுவரெலியாவில், 1,868 மீட்டரில், 20 பாகை வெப்பமுள்ள ஒரு பகலில் அந்தக் குறைவு இருபது வீதத்தைத் தாண்டுகிறது. இறக்கைக்கு ஏற்றம் தரக் காற்று குறைவு. எஞ்சினுக்கு எரிக்கக் காற்று குறைவு. உந்துசுழலிக்குப் பின்தள்ளக் காற்று குறைவு. மூன்றும் ஒரே நேரத்தில் குறைவதால் ஓடவேண்டிய தூரம் நீள்கிறது, ஏறும் வேகம் சுருங்குகிறது. அப்படி மெதுவாக ஏறும் விமானத்துக்கு முன்னால் மலை ஏறிக்கொண்டே போகிறது.

இரத்மலானை கடலோரத்தில், கிட்டத்தட்ட கடல் மட்டத்தில் இருக்கிறது. இந்நாட்டின் முதல் விமான நிலையம் அது. 1935 நவம்பர் 27 அன்று மதராஸ் பிளையிங் கிளப்பைச் சேர்ந்த டின்டல் பிஸ்கோ ஓட்டிவந்த புஸ் மொத் விமானம் அங்கே முதலில் இறங்கியது. இன்று உள்ளூர்ப் பயிற்சிப் பாடசாலைகளின் மையமும் அதுவே. அங்கே பயிலும் மாணவர் ஒருவர் இந்த மலைக் காற்றைச் சந்திப்பாரா என்பது பயிற்சியை யார், எப்படி வடிவமைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. வர்த்தக அனுமதிப்பத்திரத்துக்கு 540 கிலோமீட்டருக்குக் குறையாத ஒரு நெடும்பறப்பைச் செய்தாக வேண்டும். வழியில் இரண்டு வேறு விமான நிலையங்களில் இறங்கி ஏற வேண்டும். பலாலிக்குப் போய், அங்கிருந்து மட்டக்களப்புக்கு வந்து, பிறகு இரத்மலானைக்குத் திரும்புவதாக வைத்துக்கொள்வோம். மட்டக்களப்பிலிருந்து வரும் நேர்கோடு கண்டிக்குச் சற்றுத் தெற்கே, கம்பளைப் பக்கமாக, மலைநாட்டைக் குறுக்கே வெட்டும். வடக்கே நக்கிள்ஸ், தெற்கே 2,524 மீட்டர் பீதுருதலாகல. ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பிற்பகலானால் இந்த மலைகளுக்கு மேல் இடிமேகம் திரளும் என்பது கண்டியில் குடை பிடித்துப் பழகிய எல்லோருக்கும் தெரியும். காலையில் புறப்படுவதா, மலையைச் சுற்றிப் போவதா, திரும்பிவிடுவதா என்று தீர்மானிப்பதே அந்தப் பாடத்தின் உயிர். புளோரிடாவின் சமவெளியிலோ வட டகோட்டாவின் புல்வெளியிலோ இந்தப் பாடம் கிடைப்பதில்லை. அங்கே வேறு பாடங்கள் கிடைக்கும்: இறக்கையில் படியும் பனி, நெரிசலான வான்வெளி.

மலைநாட்டில் இந்தத் தீர்மானம் பிழைத்தால் என்ன ஆகும் என்பதை மஸ்கெலியாப் பகுதி மக்கள் அறிவார்கள். 1974 டிசம்பர் 4 இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு கட்டுநாயக்கவை நோக்கி வந்த மார்ட்டின்எயார் நிறுவனத்தின் டிசி-8 ஜெட் விமானம், நோட்டன் பிரிஜ் அருகே ஏழு கன்னியர் மலைத்தொடரில் மோதியது. இருந்த 191 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. விமான நிலையத்தை நெருங்கிவிட்டோம் என்று தவறாகக் கணித்து, இன்னும் மலைகள் கீழே இருக்கும்போதே இறங்கத் தொடங்கியிருந்தார்கள். தாம் எங்கே இருக்கிறோம் என்பதை விமானத்தின் டொப்ளர் கருவியையும் வானிலை ரேடாரையும் கொண்டே கணித்ததில் பிழைக்கு இடமிருந்தது என்று விசாரணை சொன்னது. இது புதியவர்கள் ஓட்டிய சிறு விமானமல்ல. அனுபவமும் பெரிய நிறுவனமும் இருந்தும் நடந்தது. மணித்தியாலங்களின் எண்ணிக்கை மட்டும் காக்காது என்பதற்கு இதைவிடக் கிட்டத்தில் நமக்கு உதாரணம் வேண்டியதில்லை.

அமெரிக்காவும் இதே உண்மையை வேறு வழியில் சந்தித்தது. 2009 பெப்ரவரி 12 அன்று பஃபலோ நகருக்கருகே கோல்கன் எயாரின் 3407 விமானம் விழுந்து ஐம்பது பேர் இறந்தார்கள். வேகம் குறைந்து, இறக்கை ஏற்றத்தை இழக்கப்போகிறது என்று தடி நடுங்கி எச்சரித்தபோது, தலைமை விமானி தடியை முன்னே தள்ளாமல் பின்னே இழுத்தார். காற்றுக்கும் இறக்கைக்கும் இடையிலான கோணம் ஓர் எல்லையைத் தாண்டினால் காற்று இறக்கையின் மேற்பரப்பைவிட்டுப் பிரிந்துவிடும். அந்தக் கோணத்தைக் குறைப்பதே ஒரே மருந்து. எந்த மாணவரும் முதல் மாதங்களிலேயே படிப்பது இது. விபத்துக்குப் பின் அமெரிக்கா துணை விமானிகளுக்கும் 1,500 மணித்தியாலம் என்று விதித்தது. 2013 முதல் நடைமுறை. ஆனால் அந்த விமானத்தில் இருந்த தலைமை விமானியிடம் 3,379 மணித்தியாலமும் துணை விமானியிடம் 2,244 மணித்தியாலமும் ஏற்கெனவே இருந்தன.

பல்கலைக்கழகத்தின் பக்கத்து வாதம் மிக வலுவாக நிற்பதும் இங்கேதான். அந்தப் புதிய விதியிலேயே, அங்கீகாரம் பெற்ற விமானவியல் இளமாணிப் பட்டத்தோடு பயின்றவருக்கு 1,000 மணித்தியாலம் போதும் என்று சலுகை வைத்தார்கள். 2010இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, பிராந்திய விமான நிறுவனங்கள் சேர்த்துக்கொண்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட புதிய விமானிகளின் பயிற்சிப் பதிவுகளைப் பார்த்தது. அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகப் பயிற்சி பெற்றவர்கள் நன்றாகச் செய்திருந்தார்கள். மிக அதிக மணித்தியாலத்தோடு வந்தவர்கள் அதனாலேயே சிறந்து விளங்கவில்லை. ஒழுங்கான பாடத்திட்டம், காலநிலையியல், மனிதக் காரணிகள், ஒருவரையொருவர் கேள்வி கேட்கும் வகுப்பறை ஆகியவற்றுக்குப் பலன் உண்டு. எம்பிரி-ரிடில் போன்ற விமானவியல் பல்கலைக்கழகங்களின் பெயர் சும்மா வந்ததல்ல.

இருந்தும் அந்தச் சலுகை அமெரிக்க விதியில் அமெரிக்க வேலைச் சந்தைக்காக எழுதப்பட்டது. கண்டியிலிருந்து போய்ப் படித்துவிட்டு இங்கே திரும்பும் பிள்ளைக்கு அது பயன்படாது. அங்கே பெற்ற அனுமதிப்பத்திரத்தை இங்கே மாற்றிக்கொள்ளப் பரீட்சையும் சோதனைப் பறப்பும் காத்திருக்கும். இன்னொன்றும் உண்டு. 178 வினாடிச் சோதனையை உலகுக்குத் தந்த இலினோய் பல்கலைக்கழகமே தன் விமானவியல் நிறுவகத்தை மூடிவிட்டது. 2011இல் அதற்கான தீர்மானம். பறப்புப் பயிற்சியை அதே ஊரிலுள்ள பார்க்லண்ட் என்ற உள்ளூர்க் கல்லூரி பொறுப்பேற்றது. பறக்கக் கற்பதற்குப் பல்கலைக்கழகக் கூரை இன்றியமையாததாக இருந்திருந்தால் அந்த மாற்றம் நடந்திருக்க முடியாது.

நம் நாட்டில் பட்டத்தையும் பறத்தலையும் தனித்தனியே பெற்று ஒரே வாழ்வில் சேர்த்துக்காட்டியவர் ரே விஜேவர்தன. கேம்பிரிட்ஜில் பொறியியல் படித்தவர். வடக்கின் வயல்களில் இன்றும் லாண்ட்மாஸ்டர் என்று பெயர் சொல்லப்படும் இரு சக்கர உழவு இயந்திரத்தை 1950களில் வடிவமைத்தவர் அவர்தான். விமானமும் ஹெலிகொப்டரும் ஓட்டினார். தன் கையாலேயே இலகுரக விமானங்களைக் கட்டிப் பறந்து பார்த்தார். பின்னாளில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் இருந்தார். 2010இல் மறைந்தார். அவருடைய பொறியியல் அவருடைய பறத்தலை ஆழமாக்கியது. ஆனால் இரண்டையும் ஒரே கட்டணச் சீட்டில் அவர் வாங்கவில்லை.

கண்டிப் பிள்ளைக்கு நான் சொல்வதும் அந்த வழிதான். இங்கே பேராதனைப் பொறியியல் பீடம் இருக்கிறது. விஞ்ஞான பீடம் இருக்கிறது. இசட் புள்ளி கைகொடுத்தால் அந்த இலவசக் கல்வியைக் கைவிடாதீர்கள். இரத்மலானையில் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகம் வானூர்திப் பொறியியல் கற்பிக்கிறது. ஆனால் அது விமானத்தை உருவாக்கவும் பராமரிக்கவுமான அறிவு, ஓட்டுவதற்கான அனுமதிப்பத்திரம் அல்ல. விமானப் படையில் சேர்ந்தால் சீனக்குடாவில் பயிற்சி. செலவு அரசினுடையது, ஆனால் ஏற்பது ஒரு படைவீரரின் வாழ்க்கை. இவற்றில் எதையும் எடுக்க முடியாதவருக்கும், எடுத்து முடித்தவருக்கும், இரத்மலானையின் கதவு திறந்தே இருக்கிறது. பறப்புப் பயிற்சியை உள்ளூரில், இடைவெளி விடாமல் செய்வதே சரி என்பது என் முடிவு. வெளிநாட்டுப் பட்டப் பறப்பு, அந்த நாட்டிலேயே வேலை செய்யும் உரிமை உள்ளவருக்கும், கடன் வாங்காமல் கட்டணம் செலுத்தக்கூடியவருக்கும் மட்டுமே பொருத்தமானது.

எதிலும் பணம் கட்டுவதற்கு முன் முதலாம் வகுப்பு மருத்துவப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். நிறப்பார்வைக் குறைபாடோ இதயத் துடிப்பின் ஒழுங்கின்மையோ இருப்பது பதினெட்டு வயதுவரை பலருக்குத் தெரியவே தெரியாது. வர்த்தக விமானிக்கு அந்தச் சான்றிதழ் இல்லாமல் எதுவும் இல்லை. ஆங்கிலத்தையும் இப்போதே தொடங்குங்கள். சர்வதேச அளவுகோலில் குறைந்தது நான்காம் நிலை வேண்டும், அதைப் பேசித்தான் காட்ட வேண்டும். பிறகு கண்டியிலிருந்து ரயிலேறிப் போய் ஒரு பாடசாலைக்கு மூன்று பாடசாலையாகப் பாருங்கள். பறக்கும் நிலையில் எத்தனை விமானங்கள் நிற்கின்றன, பயிற்றுநர்கள் நிலைத்திருக்கிறார்களா, சென்ற ஆண்டு சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள், மாணவர்கள் வாரத்துக்கு எத்தனை முறை பறக்கிறார்கள் என்று நேராகக் கேளுங்கள். படிக்கும் மாணவர் ஒருவரின் லொக் புத்தகத்தைக் காட்டச் சொல்லுங்கள். அதில் திகதிகள் நெருக்கமாக இருக்கின்றனவா, இரவுப் பறப்பும் கருவிப் பறப்பும் மலைநாட்டுப் பறப்பும் பதிவாகியிருக்கின்றனவா என்று பாருங்கள். அந்தப் புத்தகத்தைக் காட்டத் தயங்கும் இடத்தில் காசு கட்டாதீர்கள்.